முளைப்பாரிப் பாட்டில் அம்மனை ஏசும் வரிகளை நீக்கலாமா?

ஊருணிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கல்லலுக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர் எங்களுடையது. கண்மாயை நம்பிய ஊர்; ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை பொய்த்தால் அந்த ஆண்டு முழுவதுமே பொய்த்துவிடும். நான் திருமணமாகிக் காரைக்குடியில் வசிக்கிறேன் என்றாலும், பங்குனிச் சாமி கும்பிடுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஊருக்குச் சென்றுவிடுவேன். இந்த ஆண்டு எங்கள் மாரியம்மன் கோயிலுக்குக் குடமுழுக்கு நடைபெற இருப்பதால், முளைப்பாரிப் பாட்டுகளைத் தொகுத்துச் சிறு நூலாக அச்சிட்டு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்கலாம் என்று விழாக்குழுவினர் முடிவு செய்தார்கள். தமிழ் படித்தவள் என்பதால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது.

பாட்டுகளில் பெரும்பாலானவை என் அப்பத்தாவின் நினைவில் மட்டுமே இருப்பவை. அவருக்கு எண்பத்தாறு வயது ஆகிறது. எழுதப் படிக்கத் தெரியாது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் ஊர்க் கும்மியில் முதல் குரல் அவருடையதாக இருந்தது. அவர் ஓர் அடியைச் சொல்லி நிறுத்த, சுற்றி நிற்கும் பெண்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். கடந்த மூன்று மாதங்களாக வார இறுதிகளில் அவருக்கு அருகில் அமர்ந்து, கைப்பேசியில் பதிவு செய்து, வீட்டுக்கு வந்ததும் எழுதி வருகிறேன். இதுவரை ஏறத்தாழ இருநூறு கண்ணிகள் சேர்ந்திருக்கின்றன.

எழுதியதைக் குழுவினரிடம் காட்டியபோதுதான் சிக்கல் எழுந்தது. கீழே உள்ளதைப் போன்ற கண்ணிகளைச் சிவப்பு மையில் கோடிட்டுத் திருப்பித் தந்தார்கள்.

ஊருணியும் வத்திருச்சே உழுத புழுதி வெந்திருச்சே
மாரியின்னு பேரு வச்சே மழையை எங்கே மறந்து வச்சே

இன்னோர் இடத்தில், பிள்ளைகளுக்கு ஊற்றக் கஞ்சி இல்லாத ஆண்டில் உனக்கு மட்டும் பொங்கலும் மாவிளக்கும் எங்கிருந்து கொண்டுவருவது என்று அம்மனை நேருக்கு நேராகக் கேட்கும் வரிகள் வருகின்றன. அவற்றுக்கும் கோடு விழுந்திருக்கிறது. குழுவில் உள்ள பெரியவர்கள் தீய எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. "குடமுழுக்குக்குப் போடுகிற புத்தகத்தில் பஞ்சமும் பட்டினியும் எதற்கு, மங்கலமாக இருக்கட்டும்" என்பதே அவர்கள் சொல்வது. அவர்களில் சிலர் சிறு வயதில் பட்டினி கிடந்தவர்கள். சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்ற பிள்ளைகள் அனுப்பும் பணத்தில்தான் இப்போது கோயில் எழும்பியிருக்கிறது. அந்தப் பழைய நாள்களை அச்சில் பார்க்க அவர்களுக்கு மனமில்லை என்பது எனக்கும் புரிகிறது.

நான் கேட்க விரும்புபவை இரண்டு. முதலாவது, தெய்வத்தை இவ்வாறு ஏசிப் பாடுவது பக்திக்குள் அடங்குமா, அல்லது குழுவினர் கருதுவதைப் போல் அது பஞ்ச காலத்துப் புலம்பல் மட்டும்தானா? இரண்டாவது, அப்பத்தாவுக்கு ஒப்பாரியும் மழைச்சோற்றுப் பாட்டும் நிறையத் தெரியும் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைப்பது ஆகாது என்று அவர் பாட மறுக்கிறார். அவரை வற்புறுத்தாமல் அவற்றைப் பதிவு செய்ய வழி உண்டா?

கோட்டையூர் வாசகர்

அம்மா, வணக்கம். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். தங்கள் கேள்வியைப் படித்தவுடன் எழுதவேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் இதே தவற்றை முன்பு ஒருமுறை நானே செய்திருக்கிறேன். பள்ளி ஆண்டுமலருக்காக மாணவிகள் தங்கள் வீடுகளிலிருந்து எழுதிக்கொண்டு வந்த கும்மிப் பாட்டுகளில், கொச்சை என்றும் குறை கூறுவது என்றும் எனக்குத் தோன்றிய அடிகளையெல்லாம் நானே அடித்துத் திருத்தி வெளியிட்டேன். பாடிய பாட்டிமார்கள் இன்று இல்லை. அந்தக் கையெழுத்துத் தாள்களும் இல்லை. எஞ்சியிருப்பது நான் திருத்திய பாட்டு மட்டுமே.

தெய்வத்தை ஏசுவது பக்திக்குள் அடங்குமா என்று கேட்கிறீர்கள். கண்பார்வை இழந்து திருவாரூருக்குச் சென்ற சுந்தரர், அடியவர்கள் இப்படித் துன்பப்பட நீர் மட்டும் நன்றாக வாழ்ந்து போம் என்று பொருள்படப் பாட்டுக்குப் பாட்டு முடித்த பதிகம் ஏழாம் திருமுறையில் இருக்கிறது. அதை ஓதுவார்கள் சந்நிதியில் நின்று பாடுகிறார்கள். எவரும் சிவப்பு மையை எடுப்பதில்லை. நம் மாவட்டத்துக் காளையார்கோவிலையும் பாடியவர் அவர். நாயனார் கேட்டால் திருமுறை, உங்கள் அப்பத்தா கேட்டால் அமங்கலம் என்று பிரிக்க எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

நெருக்கமான இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. 1876ஆம் ஆண்டில் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தைப் பாடிய சிவகங்கைப் புலவர் வில்லியப்ப பிள்ளை, மக்களின் பசியைத் தீர்க்க இயலாத மதுரைச் சொக்கநாதரே சிவகங்கை ஜமீன்தாருக்கு ஒரு திருமுகம் எழுதி அனுப்புவதாகத் தம் நூலை அமைத்தார். கடவுளிடம் முறையிட்டுத் தீராமல், கடவுளையே முறையிட வைத்த கற்பனை அது. அவர் அரசவைப் புலவர். அதே மண்ணில், அதே பஞ்சங்களின் ஊடே, வயலில் நின்ற பெண்களும் தங்கள் அளவில் இதைத்தான் செய்திருக்கிறார்கள்.

ஆனால் இந்த மேற்கோள்களைக் காட்டிலும் முளைப்பாரி என்ற சடங்கையே நாம் உற்றுப் பார்க்கவேண்டும் என்பது என் எண்ணம். காப்புக் கட்டியதும் மண்சட்டியிலோ ஓட்டிலோ வைக்கோலைப் பரப்பி, எருவும் மண்ணும் இட்டு, ஊறவைத்த பயறு வகைகளைத் தூவி, வெளிச்சம் புகாத அறையில் வைத்து நீர் தெளித்து வளர்க்கிறார்கள். ஒளி படாததால் முளைகள் வெளிர்மஞ்சள் நிறத்தில் நீண்டு வளர்கின்றன. ஒவ்வோர் இரவும் பெண்கள் அங்கே கூடிக் கும்மி கொட்டிப் பாடுகிறார்கள். இறுதி நாளில் தலையில் ஏந்திச் சென்று ஊருணியிலோ கண்மாயிலோ கரைக்கிறார்கள். முளை செழித்தால் அந்த ஆண்டு வெள்ளாமை செழிக்கும், முளை கருகினால் ஊருக்கு ஏதோ குறை என்று நம்புகிறார்கள். விதையின் முளைப்புத் திறனை ஊரே கூடிப் பார்க்கும் சோதனையாகவும் இது ஒரு காலத்தில் இருந்திருக்கவேண்டும் என்று நான் கருதுகிறேன். எப்படி இருந்தாலும், இது தொடக்கம் முதல் முடிவு வரை நீரையும் விளைச்சலையும் பற்றிய சடங்கு. இதிலிருந்து வறட்சியையும் கஞ்சியையும் நீக்கிவிட்டால், இந்தப் பெண்கள் எதற்காக ஒன்பது இரவுகள் இருட்டறையின் வாசலில் நின்று பாடினார்கள் என்பதே புத்தகத்தைப் படிப்பவருக்கு விளங்காமல் போய்விடும்.

தங்கள் அப்பத்தாவின் கண்ணியைப் பத்து முறையாவது சொல்லிப் பார்த்துவிட்டேன். மாரி என்ற சொல்லுக்கு மழை என்றும் அம்மன் என்றும் உள்ள இரு பொருளையும் ஒரே அடியில் எதிரெதிராக நிறுத்தி, உன் பெயருக்கு நீயே பொறுப்பு என்று கேட்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று எழுதியிருந்தீர்கள். ஊருணிக்கும் மாரிக்கும் எதுகை அமைந்திருப்பதைப் பாருங்கள்.

ஒப்பாரியைப் பொறுத்தவரை, அவர் மறுப்பது சரியே. அதை மூடநம்பிக்கை என்று எண்ணி வாதாட வேண்டாம். பாட்டுத் தொகுப்பாளர்கள் பலரும் இந்தத் தடையைச் சந்தித்திருக்கிறார்கள். வீட்டுக்குள் பாட மறுப்பவர்கள், ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையிலோ தோப்பிலோ மரத்தடியிலோ பாட இசைவது உண்டு. மழைச்சோற்றுப் பாட்டின் இடமும் வீடு அன்று. மழை பொய்த்த ஆண்டுகளில் பெண்கள் வீடு வீடாகச் சென்று சோறு வாங்கி, பொது இடத்தில் ஒன்றாகக் கலந்து உண்டு, இனி இந்த ஊரில் பிழைக்க வழியில்லை, ஊரைவிட்டுப் போகிறோம் என்று அழுது பாடுவார்கள். சில ஊர்களில் வைக்கோலால் கொடும்பாவி செய்து தெருத் தெருவாக இழுத்து, மாரடித்து ஒப்பாரி வைத்து எரிப்பார்கள். எல்லாமே வெளியில் நடப்பவை. எனவே இடத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

ஒரு வேண்டுகோள். நூல் அச்சானதும் இரண்டு படிகளைச் சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அனுப்புங்கள். எங்கள் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் தனியொருவராகச் சேர்த்த நூல்களை, 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, அதைக் கொண்டு அந்த நூலகம் சென்னையில் உருவாயிற்று. பிறர் குப்பை என்று ஒதுக்கிய மலிவுப் பதிப்புகளையும் நாடக நோட்டீசுகளையும்கூட அவர் சேர்த்தார். திருவிழாவுக்குப் போடும் சிறு புத்தகங்கள் பத்தே ஆண்டுகளில் ஊரிலேயே கிடைக்காமல் போகும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

தப்பொலி

அக்கா, ஐயா, இருவருக்கும் வணக்கம். ஐயா எழுதியதை மதித்தே இதை எழுதுகிறேன். வரிகளை நீக்கக்கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "ஊர்" என்று இருவரும் எழுதியிருப்பதைப் படித்தபோது, அந்த ஊர் எதுவரை நீள்கிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

என் தந்தையும் அவருடைய தந்தையும் தப்பு என்னும் பறையை அடித்தவர்கள். காப்புக் கட்டிய நாள் முதல் முளைப்பாரி கரையும் நாள் வரை எங்கள் வீட்டு ஆண்கள் வீட்டில் உறங்கியதில்லை. வைக்கோலைக் கொளுத்தி, அதன் அனலில் தோலைக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, ஓசை ஏறியதும் அடிக்கத் தொடங்குவார்கள். பனியில் தோல் இளகிவிட்டால் மறுபடியும் காய்ச்சவேண்டும். ஓர் இரவில் எத்தனை முறை அந்த நெருப்பருகே என் தந்தை குந்தியிருப்பார் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். பெண்களின் கும்மி எந்த நடையில் செல்லவேண்டும், எங்கே முடுக்கவேண்டும், சாமியாடிக்கு அருள் இறங்கும்போது எந்த அடியை எவ்வளவு நேரம் நிறுத்தாமல் அடிக்கவேண்டும் என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. ஆனால் கும்மி வட்டத்துக்கும் அவருக்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி இருந்தது. கோயில் வாசலுக்கு அப்பால்தான் அவர் நின்றார். விடிந்ததும் தேங்காய் மூடியையும் வேட்டியையும் அவரிடம் எட்டி நின்று கொடுத்தார்கள். கூலி என்பது அறுவடைக் களத்தில் அளக்கும் நெல். மழை பொய்த்து வெள்ளாமை அழிந்த ஆண்டில் அந்த நெல்லும் இல்லை, ஆனால் அடிக்கும் கடமை மட்டும் இருந்தது. சாவுக்கும் அப்படித்தான், அழைத்தால் போகவேண்டும், காய்ச்சலில் கிடந்தாலும் போகவேண்டும்.

எங்கள் தெருவிலும் முளைப்பாரி உண்டு. அதே பயறு, அதே இருட்டறை, அதே மெட்டு. என் தாய் பாடிய பாட்டிலும் மழை கேட்கும் வரிகள் வரும். ஆனால் கரைப்பதற்கு எங்களுக்குத் தனிப் படித்துறை. ஒரே கண்மாய்த் தண்ணீரில்தான் இரண்டு முளைப்பாரிகளும் கரைந்தன என்பதை எண்ணும்போது இன்றும் நெஞ்சு கனக்கிறது. எனவே, துன்பத்தில் ஊரே ஒன்றாகத் தெய்வத்திடம் முறையிட்டது என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. துன்பத்திலும் அடுக்குகள் இருந்தன. அம்மனிடம் நெருங்கி நின்று ஏசுவதற்கு அக்காவின் அப்பத்தாவுக்கு இடம் கிடைத்தது. என் தாய் அதே கேள்வியைத் தொலைவில் நின்று கேட்டார்.

பறை பழந்தமிழரின் பெருமை என்றும், தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையைச் சேர்த்திருக்கிறது என்றும் மேடைகளில் சொல்கிறார்கள். அது உண்மை, அதைக் கேட்டு மகிழ்ந்தவன்தான் நானும். கல்லூரியில் படித்தபோது ஒரு கலைக்குழுவில் சேர்ந்து, காலில் சலங்கை கட்டி, வலக்கையில் அடிக்குச்சியும் இடக்கையில் சிண்டுக்குச்சியுமாக ஆடி அடித்துக் கைதட்டல் வாங்கியபோது, என் தந்தை பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்தார். அவர் தம் நாற்பத்தைந்தாம் வயதில் சாவுக்கு அடிப்பதை நிறுத்தியவர். அந்த முடிவுக்காக எங்கள் குடும்பம் ஓராண்டு வேலையில்லாமல் இருந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இதை நீ நிறுத்தணும்னு நெனச்சா நிறுத்தலாம்ல?" நிறுத்தலாம் என்று சொன்னேன். அப்படியானால் அடி என்றார்.

அக்கா, உங்கள் நூலில் ஏசும் வரிகளோடு இன்னொன்றையும் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். உங்கள் ஊரில் அந்தக் கும்மிக்கு அடித்தவர்கள் யார், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எந்த அடியை எந்தப் பாட்டுக்கு அடித்தார்கள் என்று அவர்களிடமே கேட்டு, அவர்கள் விரும்பினால் பெயரோடு எழுதுங்கள். எங்கள் தெருவைப் போல் ஒதுக்கிவைக்கப்பட்ட அடித் தெருவின் பெண்களுக்குத் தனியே பாட்டு இருந்தால், அதைப் பின்னிணைப்பில் தள்ளாமல் உள்ளேயே வையுங்கள்.

இரண்டாங்கட்டு

நான் கானாடுகாத்தான் பக்கத்தைச் சேர்ந்தவள். நகரத்தார் வீட்டுப் பெண். தம்பி தப்பொலி எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள்கள் எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஒப்பாரி பற்றிய கேள்விக்கு என் நினைவில் உள்ள ஒன்றைச் சொல்கிறேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் ஐயா காலமானார். வளவில் உறவுப் பெண்கள் வட்டமாக அமர்ந்து ஒப்பாரி வைத்தார்கள். எங்கள் ஆச்சிமார்களும் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் தேர்ந்தவர்கள்தாம். ஐயாவின் கொடையையும் கடல்கடந்த வாணிபத்தையும் அடுக்கடுக்காகச் சொல்லிப் பாடினார்கள். எங்கள் வீட்டில் நெல் குத்தும் வேலைக்கு வந்துகொண்டிருந்த ஒரு மூதாட்டி, உள்ளே வராமல், வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டுத் தூணில் சாய்ந்து நின்று, இவர்கள் நிறுத்திய இடைவெளியில் தன் குரலை எடுத்தார். ஐயாவைப் பற்றித் தொடங்கியவர் மெல்லத் தன் மகனிடம் வந்துவிட்டார்.

தேக்கு மரம் கப்பலேறித் தேவகோட்டை வந்திருச்சே
ஆக்கி வச்ச சோறு காய அனுப்புன மகன் காணலியே

அவருடைய மகன் ரங்கூனுக்குக் கூலி வேலைக்குச் சென்றவன் என்றும், 1942இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது காட்டு வழியாக நடந்து திரும்பிய கூட்டத்தில் அவன் வந்து சேரவில்லை என்றும் என் தாய் பின்னாளில் சொன்னார். அவர் சாய்ந்து நின்று பாடிய தூண் பர்மாத் தேக்கு. எங்கள் வீட்டின் அத்தனை தூண்களும் அப்படி வந்தவைதாம். அன்று எவரும் அவரைத் தடுக்கவில்லை. சாவு வீட்டில் பாடும் பெண்ணை நிறுத்துவது வழக்கம் இல்லை. மகனுக்குப் பிணமும் இல்லை, சாவு வீடும் இல்லை என்பதால், வேறொருவர் சாவில் வந்து அவனுக்காக அழுதார் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் விளங்கிற்று. அவர் வேறு எப்போதும் அவனைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

ஆகவே மகளே, அப்பத்தாவிடம் ஒப்பாரியைப் பாட்டாக மட்டும் கேட்காதீர்கள். யாருடைய சாவில், யாருக்காகப் பாடியது என்று கேளுங்கள். அந்த இரண்டும் ஒருவராகவே இருக்கவேண்டும் என்பதில்லை.

சருகணிப் பாதை

தேவகோட்டைக்குக் கிழக்கே உள்ள கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. சுருக்கமாக ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். தவக்காலத்தில் சிலுவைப்பாதை முடிந்த பிறகு, எங்கள் பங்கில் முதிய பெண்கள் கோயில் முற்றத்தில் அமர்ந்து, மகனை மடியில் கிடத்திய மாதாவின் வாயால் அழுது பாடுவார்கள். அதன் மெட்டு எங்கள் ஊர்ச் சாவு வீட்டு ஒப்பாரியின் மெட்டேதான். சொற்கள் மட்டும் வேறு. பெத்த வயிறு என்ன பாவம் செய்தது என்று அவர்கள் கேட்கும் கேள்வி, சாமியாரின் பிரசங்கத்தில் ஒருநாளும் வந்ததில்லை, ஆனால் எந்தச் சாமியாரும் அதை நிறுத்தச் சொன்னதும் இல்லை. 1693இல் புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) கொல்லப்பட்ட ஓரியூருக்கு நடைப்பயணம் சென்று அங்குள்ள செம்மண்ணை முடிந்து எடுத்துவரும் பெண்களும், முளைப்பாரி சுமக்கும் பெண்களும் எங்கள் ஊரில் ஒரே வயலில் நடவு நடுகிறவர்கள். பாட்டு ஒரு தெய்வத்திடமிருந்து இன்னொரு தெய்வத்துக்கு அந்த வயல் வழியாகத்தான் சென்றிருக்கவேண்டும்.

கோட்டையூர் வாசகர்

தம்பி தப்பொலி சுட்டிக்காட்டியதை ஏற்கிறேன். ஊர் என்ற சொல்லை நான் எண்ணிப் பார்க்காமல் எழுதிவிட்டேன்.

தொகுக்கும் முறை பற்றி மட்டும் ஒன்று சேர்க்கிறேன். இப்பாட்டுகள் ஒவ்வோர் ஆண்டும் மாறுபவை. முதல் குரல் எடுப்பவர் அந்த ஆண்டின் மழையையும் கண்மாயின் நிலையையும் பார்த்துப் புதிய அடிகளைக் கட்டுவார். பழையவை சில உதிரும். அச்சில் வந்தால் அது ஒன்றே சரியான பாட்டு என்று ஆகிவிடும், அடுத்த தலைமுறைப் பெண்கள் புத்தகத்தைப் பார்த்துப் பாடுவார்கள். ஒலிபெருக்கி வந்த பின்னர் எல்.ஆர். ஈசுவரியின் அம்மன் பாடல்களை ஓடவிட்டு அதற்கேற்பக் கும்மி கொட்டும் வழக்கம் பல ஊர்களில் வந்துவிட்டது. அந்தக் குரல் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் நம் கண்மாய் வற்றியதா நிறைந்ததா என்ற செய்தி வராது. எனவே ஒவ்வொரு பாட்டின் கீழும் எந்தப் பஞ்சத்தில், எந்த ஆண்டு வாக்கில் கட்டப்பட்டது என்று அப்பத்தா சொல்வதை எழுதுங்கள். இறுதியில் சில பக்கங்களை வெறுமையாக விட்டு, இந்த ஆண்டு பாடும் பெண்கள் தங்கள் அடிகளை எழுத இடம் கொடுங்கள்.

நம் மாவட்டத்துக் கொல்லங்குடி கருப்பாயி அம்மையார் வானொலியிலும், 1985இல் வந்த ஆண்பாவம் திரைப்படத்திலும் பாடி, கலைமாமணி விருதும் பெற்று, 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் தம் தொண்ணூற்றொன்பதாம் வயதில் மறைந்தார். எழுத்தறிவு இல்லாத உழவுக் குடும்பத்துப் பெண் ஒருவரின் பெயர் இவ்வளவு தொலைவு சென்றது அரிது. உங்கள் அப்பத்தாவைப் போன்றவர்கள் தங்களைக் கலைஞர்கள் என்றே எண்ணுவதில்லை என்பதால், நூலின் முதல் பக்கத்தில் அவருடைய பெயரைப் பாட்டுக்காரர் என்று போடுங்கள். தொகுத்தவர் பெயர் அதற்குக் கீழே வரட்டும்.

ஊருணிக்கரை

பதில் எழுதிய அனைவருக்கும் என் நன்றி. எழுதியவற்றைத் தாளில் அச்செடுத்துச் சென்று, சென்ற ஞாயிற்றுக்கிழமை குழுவினர் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். மூன்று பேர் இன்னும் இசையவில்லை. ஆனால் குழுவிலேயே மூத்தவர், நான் கொண்டுசென்ற தாளில் இல்லாத ஒரு கஞ்சிப் பாட்டைத் தாமாகவே சொல்லத் தொடங்கி, இரண்டாம் அடியில் குரல் உடைந்து நிறுத்திவிட்டார். அது அவருடைய தாய் பாடியதாம். அதன்பின் அந்தச் சிவப்புக் கோடுகளைப் பற்றி எவரும் பேசவில்லை. வரிகள் இருக்கும் என்று நினைக்கிறேன். அச்சகத்துக்குப் போகும் வரை உறுதியாகச் சொல்ல முடியாது.

தம்பி தப்பொலி கேட்டதையும் செய்தேன். எங்கள் ஊரில் தப்பு அடித்த பெரியவர் ஒருவர் அடித் தெருவில் இருக்கிறார். முழங்கால் வலியால் எழுந்து நடக்க இயலவில்லை. இத்தனை ஆண்டுகளில் நான் அந்த வாசலுக்குச் சென்றது அதுவே முதல் முறை என்பதை மறைக்க விரும்பவில்லை. பெயரைப் போட ஒப்புக்கொண்டார். ஆனால் தம் மனைவியின் பாட்டை இந்த நூலில் சேர்ப்பதா என்பதை அவரிடம்தான் கேட்கவேண்டும் என்றார். அந்த அம்மா யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். அவர் மறுத்தால் அதையும் ஏற்பேன்.

அப்பத்தாவிடம், யாருக்காகப் பாடியது என்று ஆச்சி கேட்கச் சொன்ன கேள்வியை இன்னும் கேட்கவில்லை. கண்மாய்க் கரைப் புளியமரத்தடியில் பாடலாமா என்று மட்டும் கேட்டேன். வெள்ளி, செவ்வாய் ஆகாது, பிறந்த குழந்தை இருக்கும் வீட்டிலிருந்து யாரும் வரக்கூடாது, முடிந்ததும் கண்மாயில் தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழையவேண்டும் என்று சொல்லி ஒப்புக்கொண்டார். தனியாகப் பாட வராது, வாங்கிப் பாட ஆள் வேண்டும் என்று சொல்லி இரண்டு பேரின் பெயர்களைக் கொடுத்திருக்கிறார். ஒருவர் எங்கள் சின்ன அப்பத்தா. இன்னொருவர் அந்த அடித் தெரு அம்மா.